தோல் வைத்துக் கட்டிய பிரேக்

எலிக்குட்டி,

இந்தப் பேரை எழுதினால்தான் இது உன் அம்மா எழுதியது என்று உனக்குத் தெரியும். உன் நல்ல பேரைப் போட்டு யார் வேண்டுமானாலும் ஒரு காகிதம் அனுப்பலாம். மாசம் நிறையாமல் நீ பிறந்தபோது, சுற்றி வைத்த துணிதான் தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை. உங்க நைனா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா புள்ள, எலிக்குட்டி மாதிரி பெத்து வெச்சிருக்க?" என்றார். அந்தப் பேர் நம்ம மூணு பேருக்குள்ளேயே இருந்தது. வெளியே யாருக்கும் தெரியாது. இப்போது அதைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். கேட்க நீ இருக்கிறாயா என்று தெரியாமலேதான் எழுதுகிறேன்.

வண்டி ஓட்டுகிற ஆளைப் பார்த்தால் உன்னைப் பற்றி விசாரிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பள்ளிகொண்டாவில் லாரிகள் நிற்கும் இடத்தில் என்னைப் பார்த்தாலே சில பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். போன வாரம் பெங்களூர் ரோட்டில் லாரி ஓட்டுகிற துரைசாமி மட்டும் நின்று பேசினார். கோலார் பக்கத்தில் ஒரு மோட்டார் ஷெட்டில் ஒருத்தன் இருக்கிறானாம். "பேச்சே கெடையாதும்மா அவன்கிட்ட. எந்த ஊருன்னு கேட்டா ஊர் இல்லன்றான். ஆனா வண்டி வந்து நின்னா போதும், ஓடிப்போய் ஒவ்வொரு சக்கரமா பொறங்கையால தொட்டுப் பாக்கறான். கொழந்தைக்கு ஜொரம் அடிக்குதான்னு பாக்கற மாதிரி." அதைக் கேட்டதும் நான் அப்படியே லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். இந்தக் காகிதத்தை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். அந்த ஆள் நீயாக இருந்தால் கடைசி வரை படி. நீயாக இல்லாவிட்டால், படிக்கிற புண்ணியவான் யாரோ, இதைக் கிழித்துப் போடாமல் இன்னொரு வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் மூணாம் கிளாசோடு என்னை நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, வந்துவிடு கண்ணு என்று எழுதச் சொல்லி உன் சித்தப்பா சொன்னார். அப்படி எழுதினால் நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அந்தச் சமயத்தில் உன்னோடு பேசாததை இப்போது பேசுகிறேன்.

நம்ம தோல் கிடங்கு முதலாளி சாயபுவின் கார் வந்தபோதே பழையது. அதை ஓட்டவும் துடைக்கவும் உன்னை வைத்தார். நைனா தோல் தரம் பிரிக்கிறவர், நான் தோல் அலசுகிறவள், மகன் மோட்டார் டிரைவர் என்று நம்ம தெருவில் ஒரு பேச்சு ஆகிவிட்டது. நைனா அதை வாயால் சொல்லமாட்டார். நீ வண்டியைத் தெருவில் திருப்பும்போது மட்டும் எங்கிருந்தாலும் வெளியே வந்து நிற்பார், வெற்றிலை துப்ப வந்த மாதிரி. பிறகுதான் ஒருநாள் நீ சோறு தின்னும்போதே சொன்னாய், வண்டி நிற்கமாட்டேன் என்கிறது என்று. முன்னே பாதி மிதித்தால் நின்ற வண்டி, இப்போது பிரேக் மிதி அடிப் பலகையில் போய் இடித்தாலும் நாலு ஆள் தூரம் ஓடித்தான் நிற்கிறதாம். அடியில் படுத்து பிரேக்குக் கம்பியின் திருகாணியை முறுக்கினாய். கொஞ்ச நாள் சரியாக இருந்தது. மறுபடி பழையபடி ஆயிற்று. மறுபடி முறுக்கினாய். "முறுக்கிக்கினே போனா இன்னா அர்த்தம், உள்ள இன்னாவோ கெட்டுப் போயிருக்குது" என்று உனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தாய்.

வாணியம்பாடிக்குப் போய்விட்டு வந்த அன்று என்னைக் கூப்பிட்டாய். நான் தோல் ஊறுகிற தொட்டியிலிருந்து கையில் சுற்றின சாக்குத் துணியோடு அப்படியே ஓடி வந்தேன். நீ துணியை அவிழ்க்கச் சொல்லி, என் புறங்கையைப் பிடித்துப் பின் சக்கரத்துக்குள் இருக்கிற இரும்பு வட்டையின் மேல் வைத்தாய். சுட்டது. "இப்ப இந்தப் பக்கம் வந்து வை." அங்கே தொட்டால் குளிர்ந்து கிடந்தது.

"சுடற பக்கம் வேலை செய்யுதும்மா. ஜில்லுன்னு இருக்கறவன் சும்மா கூட சுத்தறான்."

"உங்க சித்தப்பன் மாதிரின்னு சொல்லு" என்றார் பின்னால் நின்ற நைனா. எத்தனை நாளைக்கு அந்தச் சக்கரத்தை நாம் சித்தப்பன் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்!

பிறகு ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினாய். நீ மேலே உட்கார்ந்து மிதிக்க, நான் கையால் சக்கரத்தைச் சுற்றினேன். இடது சக்கரம் பிடித்த பிடியில் நின்றது. வலது சக்கரம் நீ மிதித்துக்கொண்டிருக்கும்போதே என் கையோடு வந்தது. சக்கரத்தைக் கழற்றிக் காட்டினாய். இரும்பு வட்டையைச் சுற்றிக் கட்டிப்பிடிக்கிற மாதிரி ஒரு பட்டை. அதன் உள்பக்கம் நெய்த துணி மாதிரி ஒன்றை ஆணி அடித்து வைத்திருந்தது. அது தேய்ந்து ஆணித் தலை வெளியே பளபளத்தது. அச்சிலிருந்து கசிந்த எண்ணெய் அதில் ஊறி, பிழிந்தால் சொட்டும்போல இருந்தது. எண்ணெய் குடித்தது இனிமேல் பிடிக்காது, சீமெண்ணெயில் கழுவினாலும் போகாது, புதுசுதான் வைக்க வேண்டும் என்றாய். சாயபுவும் வந்து குனிந்து பார்த்தார். "மெட்ராஸுக்கு இன்னிக்கே எழுதறேன். சாமான் வர்ற வரைக்கும் வண்டிய தொடாத பேட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது அவ்வளவுதான். அவர் மேல் பழி போட எனக்கு வாய் வராது.

பொறுக்காமல் போனது நம்ம வீட்டில்தான். நைனா அன்று சாப்பிடும்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். "சுத்தி மலை மாதிரி தோல் கெடக்குது. அதுக்கு நடுவுல ஒக்காந்துகினு ஒரு முழப் பட்டைக்கு மெட்ராஸ்காரன் மூஞ்சிய பாக்கறதா? இந்தக் கைக்கு இன்னா கேடு வந்துச்சு?" நீ முதலில் தயங்கினாய். பழைய வண்டிகளில் தோல்தான் வைத்திருந்தார்கள் என்று வேலூரில் ஒரு மோட்டார் மேஸ்திரி சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்றாய். அது போதாதா அவருக்கு? மறுநாளே கிடங்கு முழுக்கப் புரட்டி எருமைத் தோல் ஒன்றை எடுத்தார். முதுகுப் பக்கம், கெட்டியான இடம். முகர்ந்து பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார். எண்ணெய் தடவாத தோலாகத் தேடி எடுத்தது அவர்தான். எண்ணெய்தானே அந்தப் பட்டையைக் கெடுத்தது, அதனால் ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது என்று ஒரே கட்டளை. தோலைப் பிடித்துக்கொள்ள வந்த என்னையும் சீயக்காய் போட்டுக் கை கழுவ வைத்தார். தலையில் எண்ணெய் வைத்திருக்கிறாய், தள்ளி நில் என்று விரட்டினார்.

நீ அச்சில் கசிகிற இடத்தை முதலில் அடைத்தாய். பிறகு தோலில் ஓட்டை போட்டு, செம்பு ஆணியின் தலை தோலுக்குள் அமுங்கிப் போகும்படி குழித்து அடித்தாய். ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே தோலிலிருந்து வெட்டியது. கம்பியை ரெண்டு பக்கமும் சரிசமமாக இழுத்து, மறுபடி என்னைச் சக்கரம் சுற்றச் சொன்னாய். இந்தத் தடவை சித்தப்பனும் நின்றான். ரோட்டில் ஓட்டிக் காட்டும்போது நைனாவை முன்னால் உட்கார வைத்து நீ மிதித்த மிதியில் அவர் தலைப்பாகை கழன்று மண்ணில் போய் விழுந்தது. நீங்கள் ரெண்டு பேரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாயபு முதலில் கோபப்பட்டார், பிறகு தானே ஏறி உட்கார்ந்து போய்விட்டு வந்து, "ஷாபாஷ்! தோல்லயே பிரேக்கா!" என்று உன் முதுகில் தட்டினார். வருகிற வியாபாரிகளிடமெல்லாம் அதையே சொன்னார். வெயில் காலம். ரோடு காய்ந்து கிடந்தது. எத்தனையோ தடவை போனாய், வந்தாய். ஒவ்வொரு தடவையும் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ரெண்டு பக்கமும் ஒரே சூடு என்று நைனாவிடம் சொல்வாய். அவர் தலையை ஆட்டுவார். உன்னை அவர் மெச்சின விதம் அதுதான்.

இதற்கு மேல் நடந்தது எனக்குப் பாதிதான் தெரியும். அமிர்தி காட்டு ஓரத்தில் தோல் பதப்படுத்துகிற கடுக்காய் நல்லதாக இறங்கியிருக்கிறது என்று சேதி வந்தது. தரம் பார்த்து எடுக்க நைனா, வண்டிக்கு நீ. நான் சோறு கட்டிக் கொடுத்தேன். நீங்கள் திரும்புகிற நேரத்தில் மலையில் மழை. போகும்போது காய்ந்து கிடந்த கானாற்றில் வரும்போது தண்ணீர் ஓடியது. கார்ப் படி முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் என்று பிறகு சொன்னார்கள். வண்டியோடு இறங்கிக் கடந்தாய். மேட்டில் ஏறினாய். மேடு முடிந்ததும் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் வளைவு. அங்கேதான் வண்டி நிற்கவில்லை. கியரையாவது மாற்றப் பார்த்தானாம் பையன், அது கர கரவென்று அரைத்ததே தவிர விழவில்லை என்று காட்டில் விறகு பொறுக்கிய பெண் ஒருத்தி சொன்னாள். கை பிரேக் எப்போதோ செத்துப் போனது. நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைப்பதுதானே உன் வழக்கம். பாறையில் மோதி வண்டி கவிழ்ந்தது. உன்னை வெளியே தூக்கி எறிந்தது. அவரை எறியவில்லை.

மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் அவரைப் போட்டு, நீ பக்கத்தில் நடந்து வந்தாய். உன் நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. வாசலில் வந்து நின்று நீ சொன்ன முதல் வார்த்தை "எம்மா, பிரேக்கு" என்பதுதான். அதற்குள் உன் சித்தப்பா ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டு, "மோட்டார் பேச்ச எடுக்காதடா. அண்ணனுக்கு நேரம் முடிஞ்சிடுச்சு, அவ்ளோதான்" என்று அழுதார். சாயபு வந்து வெறும் தரையில் உட்கார்ந்து, ஆண்டவன் எழுதினது என்றார். பக்கத்து வீட்டுக்காரி விதி என்றாள். பறை அடிக்க வந்தவர்கூட அதையேதான் சொன்னார். நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து விதியைக் கொண்டுவந்து உன் வாயில் அடைத்தோம். உனக்கு ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்தோம். எலிக்குட்டி, நீ ஆறுதலா கேட்டாய்?

அவரைப் புதைத்த அந்த வாரத்திலேயே மெட்ராஸிலிருந்து சாமான் வந்து சேர்ந்தது. சாயபு அதைக் கையில் வாங்கவில்லை. நீதான் போய்ப் பிரித்தாய். உள்ளே நல்ல கெட்டியான புதுப் பட்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த மாதிரியே கயிறு போட்டுக் கட்டி வைத்தாய். அதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். கிட்டே வரவில்லை.

கருமாதி அன்று காலையில் நான் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். நீ வந்து பக்கத்தில் குந்தினாய். "எம்மா, வண்டி எறங்க ஆரம்பிச்சப்போ நைனா" என்று ஆரம்பித்தாய். நான் ஈரக் கையாலேயே உன் வாயைப் பொத்தினேன். "வேணாம்டா கண்ணு. நடந்தது நடந்துபோச்சு. அத பேசாத." நீ என் கையை விலக்கவில்லை. பிறகு எழுந்து போய்விட்டாய். தலை மழித்துக்கொண்டு, ஆண்களோடு பாலாற்றுக்குக் குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, அதில் போய்த் தேடினார்கள். ரயிலடி கேட்டில் இருக்கிறவர்தான், மொட்டைத் தலையோடு ஒரு பையன் தண்டவாளத்து ஓரமாக நடந்து போனான் என்று சொன்னார்.

நீ போன பிறகு காரை மாடு கட்டி இழுத்து வந்து கிடங்குக்குப் பின்னால் விட்டார்கள். வேலூரிலிருந்து ஒரு மேஸ்திரி வந்து பின் சக்கரங்களைக் கழற்றினார். நான் வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றேன். தோல் கருகித்தான் பிடி விட்டுப் போயிருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். கழற்றிப் பார்த்தால் கருகின வாசனையே இல்லை. தோல் சுருங்கி, கொம்பு மாதிரி விறைத்து, ஓரமெல்லாம் மேலே வளைந்து நின்றது. மயிர்க்கால் குழிகளில் கானாற்று வண்டல் காய்ந்திருந்தது. தண்ணீரில் ஊறிக் காய்ந்த தோல். அது எனக்குத் தெரியாதா? ஒரு துண்டை வாங்கி என் தொட்டித் தண்ணீரில் நனைத்தேன். ஊறினதும் அந்த இரும்பு வட்டையின் மேல் வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்தேன். மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

நான் அங்கேயே என் கையைப் பார்த்தேன். சாக்குத் துணி சுற்றியிருந்தது. எதற்குச் சுற்றுகிறேன்? நனைந்த தோல் கையில் நிற்காது, நழுவும் என்றுதானே? பதினைந்து வயதிலிருந்து நான் சுற்றுகிறேன். உங்க நைனா தன் கையாலேயே எனக்குச் சாக்குக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். நீ நடக்கிற வயதில் என் தொட்டியோரத்தில் தோல் மேல் கால் வைத்து வழுக்கி விழுந்து, பல் உடைந்து அழுதாய். நம்ம மூணு பேருக்கும் தெரியாத விஷயமா இது? எண்ணெய்க்குப் பயந்து பயந்து, என் தலைமுடியைக்கூடத் தள்ளி நிற்க வைத்தோம். தண்ணீரை ஒருத்தரும் நினைக்கவில்லை. தோல் நம்மைக் கைவிடாது என்று நம்பினோம். வேறு ஊரில், வேறு தொழில் செய்கிற குடும்பமாக இருந்திருந்தால் அந்தப் பார்சலுக்குக் காத்திருந்திருக்கும்.

அதனால் சொல்கிறேன், அது விதி இல்லை. தப்புதான். அதில் உன் பங்கு உண்டு. நீ அடித்த ஆணி, நீ மிதித்த மிதி. உங்க நைனா பங்கு ஜாஸ்தி. சக்கரத்தைச் சுற்றிவிட்டு நின்றுவிட்டது என்று கை தட்டிய எனக்கும் உண்டு. பங்கு இல்லை என்று நான் சொன்னால், நீ அங்கே தனியாக முழுசையும் சுமப்பாய். வந்து உன் பங்கை மட்டும் சுமந்துகொள். மீதியைச் சுமக்க இங்கே ஆள் இருக்கிறது.

காரை வேலூரிலேயே சரி செய்துவிட்டார்கள், அந்த மெட்ராஸ் பட்டையை வைத்தே. வேறு டிரைவர் ஓட்டுகிறான். இந்தப் பக்கம் வரும்போது ஒழுங்காக நிற்கிறது. ஆனால் எந்த வண்டி சரிவில் வந்தாலும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. தொட்டிக்குள் நிற்கும்போதும் அழுத்துகிறது. கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வயதாகிறது. சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்துவிட்டது, இன்னும் எத்தனை நாள் நிற்பேன் என்று தெரியாது. நீ அங்கே அடுத்தவன் வண்டியைச் சரி செய்கிறாய் என்றால், அம்மா சொல்வதைக் கேள். தண்ணீரில் இறங்கி ஏறின வண்டியை உடனே ஓட விடாதே. சமதரையில் மெல்ல உருட்டி, பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து அது காய்கிற வரைக்கும் போ. பிடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சரிவைப் பார். யார் அவசரப்படுத்தினாலும், பெத்தவனே அவசரப்படுத்தினாலும், முடியாது என்று சொல். இது ரொம்பத் தாமதமாக வருகிற புத்தி. ஆனாலும் நீ இன்னும் எத்தனையோ பேரை வண்டியில் ஏற்றுவாய். அடியில் படுத்து வேலை செய்துவிட்டு அப்படியே அங்கே தூங்கிப் போகாதே. நேரத்துக்குத் தின்னு. யாராவது உன்னிடம் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல வந்தால், விதி என்று சொல்லி அனுப்பிவிடாதே. உட்கார வைத்துக் கேள்.

அதைத்தான் நான் செய்யவில்லை. இப்போது நாள் முழுக்க எனக்கு நீ பாதியில் விட்ட அந்தப் பேச்சுதான் காதில் ஓடுகிறது. அந்த விறகுக்காரப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். வண்டி இறங்கும்போது பெரியவர் கையை நீட்டி உன் தோளைப் பிடித்தார், ஏதோ சொன்னார், சத்தத்தில் கேட்கவில்லை என்றாள். திட்டினாரா, பயந்தாரா, சாமியைக் கூப்பிட்டாரா, முகம் எப்படி இருந்தது என்று எத்தனை விதமாகக் கேட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அவரோடு அத்தனை வருஷம் வாழ்ந்தேன், அவருடைய கடைசிப் பேச்சு என்னிடம் இல்லை. உன்னிடம் இருக்கிறது. நீ அதை எனக்குக் கொடுக்கத்தான் அன்று காலையில் வந்து குந்தினாய். இப்போது என் கை ரெண்டும் என் மடியில்தான் இருக்கிறது, பொத்தமாட்டேன்.

எலிக்குட்டி, வண்டி எறங்க ஆரம்பிச்சப்போ நைனா இன்னாடா சொன்னாரு?